தவுக்கே கடை ஆணியில் தொங்கிய இரண்டு பைகள்

பினாங்குக்குக் கப்பலேறியபோது நான் பிழைக்க வழியற்றவனாக இருக்கவில்லை என்பதை முதலிலேயே குறிப்பிட வேண்டும். மல்லாங்கிணற்றில் எங்கள் குடும்பத்துக்குக் கரிசல் நிலம் போதிய அளவு இருந்தது. மதுரையில் தங்கிப் படித்து வரலாற்றில் பி.ஏ. பட்டம் பெற்றவன் நான். எங்கள் உறவில் அப்பட்டத்தை முதலில் பெற்றவனும் நானே. விருதுநகரில் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் ஒன்பது ஆண்டுகள் ஆசிரியனாக இருந்தேன். ராஜினாமாக் கடிதத்தை நானாக எழுதிக் கொடுத்தேன். யாரும் கேட்டு வாங்கவில்லை.

பள்ளியை விட்டபின் பஜாருக்குப் பின்புறம் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, இரண்டு தையல் மெஷின்கள் போட்டு, கித்தான் துணியில் பைகள் தைப்பித்தேன். தபால்காரரும் பள்ளிப் பிள்ளைகளும் தோளில் மாட்டிக்கொள்ளத்தக்க, வார் வைத்த தடித்த பைகள். ஐந்து ஆண்டு உழைக்கும் என்று சொல்லி விற்றேன். அதுவே குறையாயிற்று. வத்தல் மண்டி முதலாளி ஒருவர் பையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“பை அம்சமா இருக்கு சார். ஆனா இத வாங்குனவன் அஞ்சு வருசம் கழிச்சுத்தான் மறுபடி ஒங்க கடைக்கு வருவான். அதுவரைக்கும் என்ன சாப்பிடுவீக?”

அந்தச் சமயத்தில்தான் பினாங்கில் மளிகைக் கடை வைத்திருந்த என் மைத்துனன் குருசாமி கடிதம் எழுதினான். மலாயாவுக்கு விடுதலை கிடைத்து ஓராண்டு ஆகியிருந்தது. ஊருக்கு ஊர் பள்ளிக்கூடம் திறக்கிறார்கள், மழை ஓயாமல் பெய்கிறது, நல்ல பை கேட்கிறவர்கள் இருக்கிறார்கள், தைப்பவர்கள் இல்லை என்பது கடிதத்தின் சாரம். நான் புறப்படத் தீர்மானித்தேன்.

பயணத்துக்கு முன் சிவகாசி அச்சகம் ஒன்றில் துணி லேபில்கள் அடித்தேன். அச்சகத்தார் குதிரைப் படம் போட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். “தீப்பெட்டிக்கே படம் போடுறோம், பைக்குப் படம் இல்லாட்டா யாரு சார் திரும்பிப் பாப்பா?” என்றார். நான் இணங்கவில்லை. என் பெயர், பெயருக்குப் பின் பி.ஏ., அதன் கீழ் ஐந்தாண்டு உத்தரவாதம் என்ற வாசகம். அவ்வளவே.

வழியனுப்பு விருந்தில், என் பெரியப்பா மகன் நாலு பேர் கேட்க, “பி.ஏ. படிச்சிட்டுக் கடல் தாண்டிப் பை தைக்கப் போறாராக்கும்” என்றார். சபை சிரித்தது. நான் எழுந்து நின்று, லேபிலைக் காட்டி, “இந்தப் பெயரை ஒட்டி நான் விற்கும் பையில் ஒன்றேனும் குறையென்று திரும்பி வந்தால், அடுத்த கப்பலில் நானும் திரும்பி வருவேன்” என்றேன். சொல்லியிருக்க வேண்டியதில்லை. ஆனால் சொன்னேன், அதை எல்லோரும் நினைவில் வைத்துக்கொண்டார்கள்.

என்னுடன் வெயிலுகந்தானை அழைத்துச் சென்றேன். முப்பத்துநான்கு வயது. அவன் தகப்பனார் எங்கள் நிலத்தில் வேலை செய்தவர். அவனும் அவன் அண்ணனும் காட்டு வேலையை விட்டு ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பட்டாசுக் கம்பெனிக்குப் போனார்கள். அங்கே எட்டு ஆண்டுகள் இருந்துவிட்டு, பிறகு தையல் பழகி என்னிடம் வந்தவன். மெஷினில் அவன் ஓட்டும் தையல் நூல் பிடித்தாற்போல் இருக்கும். “சீசன் நேரத்துல போறியே, தீபாவளிக்குக் கை நெறய வேலை கெடக்குலே” என்று அவன் மச்சான்மார் தடுத்தும் வந்தான்.

பினாங்கில் இறங்கிய முதல் நாள், சுங்க அதிகாரி யாழ்ப்பாணத்துத் தமிழராக அமைந்தார். சாத்தூர்ச் சேவு இருந்த தகர டின்னைத் திறந்து, ஒரு பிடி அள்ளித் தின்று, அதைப் பரிசோதனை என்று சொல்லி மூடினார். பிறகு வெயிலுகந்தானின் கருவி மூட்டையை அவிழ்த்தார். உள்ளே அடிப்பதற்கு மரத்தால் செய்த கொட்டாப்புளி ஒன்று, அடிக்கட்டை ஒன்று, பித்தளை உளி ஒன்று, துளையிடும் பித்தளைத் தமரூசி இரண்டு.

“தச்சனோ நீர்?”

“பை தைக்கிறவன்யா.”

“ஒரு சுத்தியல்கூட இல்லை. இரும்பு ஒண்டும் கொண்டு வரேல்லையோ?”

“ஆகாதுங்க.”

“ஆருக்கு ஆகாது?”

“எனக்குத்தான்.”

அதிகாரி என்னைப் பார்த்தார். அவன் ஒரு மாதிரி ஆள் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். விருதுநகரில் வாரைப் பையோடு பிணைக்கும் உலோகத் தறையான ரிவிட்டு அடிக்கும் வேலையை வேறொருவர் பார்த்தார். வெயிலுகந்தான் மெஷினோடு நின்றுகொண்டான். ஆகவே அவனுடைய இந்த வழக்கத்தை நான் அதுவரை பொருட்படுத்தியதில்லை. மெஷினும் இரும்புதானே என்று ஒருமுறை கேட்டதற்கு, “மெசினு ஓடும்யா, இடிக்காது” என்று மட்டும் சொல்லியிருந்தான்.

குருசாமியின் கடை, மேல்தளம் சாலைப் பக்கம் நீண்டு அதன் கீழ் நடைபாதை ஓடும் அமைப்பில் இருந்தது. அந்த நடைபாதையை அங்குள்ள தமிழர்கள் அஞ்சடி என்கிறார்கள். மழை பெய்தாலும் ஊர் முழுவதையும் அஞ்சடி வழியாகவே பாதி நனைந்தும் நனையாமலும் சுற்றி வரலாம். கடையின் உட்பக்கம் விருதுநகர் மண்டி முத்திரையிட்ட வத்தல் மூட்டைகள் அடுக்கியிருந்தன. அவற்றைக் கண்டதும் எனக்கு ஊர் நினைவு வந்திருக்கும் என்று குருசாமி எதிர்பார்த்தான். மூட்டைகளின் வாய்த்தையல் மிகக் கேவலமாக இருந்தது என்பதே நான் கவனித்தது.

“அத்தான், மொதல்ல சாப்பிடுங்க. மூட்டையப் பெறகு திட்டலாம்” என்றான்.

இலையில் சோறும், மீன் குழம்பும், இறால் கருவாட்டை மிளகாயோடு இடித்த ஒரு துவையலும் வைத்தார்கள். துவையலின் வாடை அறையின் மறுகோடிவரை எட்டியது. நான் அதை ஒதுக்கினேன். வெயிலுகந்தான் மூன்று முறை கேட்டு வாங்கினான். “நம்மூர் வத்தல்தான்யா. வேசம் மாத்தியிருக்கு” என்றான்.

இரண்டாம் நாள் குருசாமி என்னைத் தவுக்கேயிடம் அழைத்துச் சென்றான். சீன முதலாளிகளை அங்கே அப்படித்தான் அழைக்கிறார்கள். இந்தத் தவுக்கே பள்ளிச் சாமான்கள் விற்பவர். தீவில் அவருக்கு மூன்று கடைகள். மெலிந்த உருவம், பனியன், அரைக்கால் சட்டை. ஒரு கணம் அவரைக் கடைச் சிப்பந்தி என்று நினைத்து முதலாளி எங்கே என்று கேட்டுவிட்டேன். அவர் அதைத் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஊரிலிருந்து கொண்டுபோன மாதிரிப் பையை நீட்டினேன். அவர் வாரைப் பிடித்து இழுத்தார், மூலைகளை நகத்தால் கீறினார், லேபிலை வாசித்தார். பிறகு அஞ்சடிக்கு அழைத்துப்போய்ச் சாலையோரத் தூணைக் காட்டினார். மழைச் சாரல் நேராக அடிக்கும் இடத்தில் வரிசையாக ஆணிகள். இரண்டில் பழைய பைகள் தொங்கின. ஒன்று பூஞ்சணம் பிடித்து, மற்றது வார் அறுந்து.

அவர் மலாய் மொழியில் பேசியதைக் குருசாமி தமிழில் சொன்னான்: “பேசுகிறவர்கள் நிறையப் பேர் வருகிறார்கள். நான் மழையிடம் கேட்பேன். இவருடைய மாதிரியையும் இங்கே மாட்டுகிறேன். பத்து நாளில் ஆறு டஜன் பை கொடுக்கட்டும். அதிலும் ஒன்றை மாட்டுகிறேன். மழைக்காலம் முடிந்ததும் இறக்கிப் பார்ப்போம். நன்றாக இருந்தால் மூன்று கடைக்கும் இவர்தான். இல்லாவிட்டால் மீதிப் பைகளைத் திருப்பி அனுப்பிவிடுவேன்.”

திருப்பி அனுப்புவது என்ற சொல் எனக்குப் பிடிக்கவில்லை. ஆயினும் ஒப்புக்கொண்டேன். என் பெயர் அன்று மாலையே ஆணியில் ஏறியது.

மூன்றாம் நாள் முதல் இடர். நாங்கள் கொண்டுபோன கித்தான் சுருள்களைப் பிரித்தபோது, கப்பலின் அடித்தட்டில் உப்புநீர் பட்டு அவை கறுத்துப் போயிருந்தன. எதிர்க்கரையில் ஒரு சிற்றூரில் இராணுவத்துக்கு நெய்த கித்தான் கிடைக்கும் என்றும், பக்கத்து எஸ்டேட்டில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருக்கும் தமிழர் வாங்கி அனுப்புவார் என்றும் குருசாமி சொன்னான். முதல்தரமான தடித்த கித்தான் ஆறு சுருள் அனுப்பக் கோரி, இலக்கணப் பிழையின்றி ஒரு கடிதம் எழுதி லாரி ஓட்டுநரிடம் கொடுத்தனுப்பினேன்.

ஐந்தாம் நாள் லாரி வந்தது. இறக்கியவை ஆறு கட்டுகள், பழுப்பு நிறம், புகைநாற்றம். துணி அன்று, ரப்பர்.

மறுநாள் காலை நானே படகேறி எதிர்க்கரைக்குப் போனேன். அங்கிருந்து சென்ற பஸ் பாதி வழியில் ஒரு காப்பிக் கடை எதிரே நின்றது. ஓட்டுநர் இறங்கினார், கண்டக்டர் இறங்கினார், பயணிகளும் ஒருவர் பாக்கியில்லாமல் இறங்கினார்கள். வண்டி பழுதோ என்று விசாரித்தேன். “பழுது இல்லை, காப்பி” என்றார் பக்கத்திலிருந்த சீக்கியர். சிவகாசி பஸ்ஸில் இறங்க வேண்டிய ஊரிலேயே இறங்குவதற்குக் கத்தவேண்டியிருக்கும். இங்கே இறங்காதவனைக் கையைப் பிடித்து இறக்குகிறார்கள். எடுத்துச் செல்பவர்களுக்குக் காலிப் பால் டின்னில் காப்பியை ஊற்றி, ஓரத்தில் துளையிட்டுச் சணல் கயிறு கோத்துக் கொடுக்கிறார்கள். காப்பியைக் கயிற்றில் தொங்கவிட்டுக்கொண்டு நடக்கும் ஊரில் பைக்கு இடம் உண்டு என்று எனக்கு நம்பிக்கை ஏற்பட்டது.

கிராணி மலாயாவிலேயே பிறந்தவர். மரியாதையாக நாற்காலி போட்டார்.

“கித்தாதானே கேட்டிருந்தீங்க?”

“கித்தான் கேட்டிருந்தேன்.”

“அதத்தான் அனுப்பினேன். பால் மரத்துலேருந்து எடுக்குறதுதானே? இங்க அத நாங்க கித்தான்னுதான் சொல்லுவோம். நீங்க படிச்சவங்க, கடைசியில ஒரு ன் சேர்த்துச் சுத்தத் தமிழா எழுதியிருக்கீங்கன்னு நெனச்சேன்.”

ரப்பருக்குக் கித்தா என்று ஒரு பெயர் இருக்கக்கூடும் என எந்த அகராதியும் என்னை எச்சரித்ததில்லை. நான் அணிந்திருந்த கோட்டின் உள்ளுறையைக் காட்டி இப்படிப்பட்ட முரட்டுத் துணி என்று விளக்கினேன். “அட, கூடாரத் துணியா” என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார். என் தலையில் அடிக்காமல் தம் தலையில் அடித்துக்கொண்டது அவருடைய பண்பு. மறுநாள் சரியான துணி வந்து சேர்ந்தது. தவுக்கே கொடுத்த கெடுவில் ஐந்து நாள் எஞ்சியிருந்தது.

எட்டாம் நாள் முழுவதும் குருசாமி கடையின் மாடியில் நான் வெட்டிக் கொடுக்க, வெயிலுகந்தானும் குருசாமி ஏற்பாடு செய்த மலையாளத் தையற்காரர் ஒருவரும் தைத்தார்கள். ஒன்பதாம் நாள் பைகள் உருவாகிவிட்டன. வார் சேரும் இடங்களில் பைக்கு எட்டு ரிவிட்டு அடிக்க வேண்டும். நான் இரும்புக் கடைக்குப் போய் நாலு குரோஸ் இரும்பு ரிவிட்டு வாங்கி வந்தேன். சிவகாசிப் பக்கத்தாருக்கு எண்ணிக்கை குரோஸில்தான் வரும். தீப்பெட்டியானாலும் ரிவிட்டானாலும் நூற்று நாற்பத்துநான்கு. கூடவே இரும்புச் சுத்தியல் ஒன்றும் வாங்கினேன்.

வெயிலுகந்தான் பெட்டியைத் திறந்து பார்த்தான். தொடவில்லை.

“இது இரும்புய்யா.”

“ஆமாம்.”

“இரும்ப இரும்பால நான் அடிக்க மாட்டேன்.”

“இங்கே மருந்து இருக்கிறதா? கரி இருக்கிறதா? கந்தகம் இருக்கிறதா? துணி இருக்கிறது, நூல் இருக்கிறது. எதில் தீப்பற்றப் போகிறது?”

“பத்தாதுதான்யா. எனக்குத் தெரியுது. கையிக்குத் தெரிய மாட்டேங்கு.”

“கைக்கு நீதான் சொல்ல வேண்டும்.”

அவன் பெட்டியை மூடி வைத்தான். பிறகு, “கம்பெனி வாசல்ல அரைஞாண் கயித்துல ஊக்கு இருந்தாக்கூட அவுத்து வாங்கிட்டுத்தான் உள்ள விடுவாக. எட்டு வருசம். எங்க அண்ணனும் அதே ஷெட்டுலதான் இருந்தாரு. யாரோ ஒரு இரும்புக் கரண்டிய உள்ள கொண்டாந்துட்டாக. அம்புட்டுத்தான்” என்றான்.

நான் அறிந்த செய்திதான். அவன் அண்ணனின் கருமாதிக்கு எங்கள் வீட்டிலிருந்து அரிசி அனுப்பியிருக்கிறோம். ஆனால் அன்று எனக்கு நாட்கள் மூன்றுதான் இருந்தன. “நாளை மாலை நான் திரும்பும்போது ரிவிட்டு அடித்திருக்க வேண்டும். இல்லையென்றால் நீ ஊருக்குப் போகலாம்” என்று சொல்லிவிட்டு, ரப்பர் கட்டுகளைத் திருப்பி ஒப்படைக்கப் பத்தாம் நாள் மீண்டும் எதிர்க்கரைக்குப் போனேன்.

மாலையில் திரும்பியபோது கொட்டாப்புளியின் ஓசை தெருவிலேயே கேட்டது. பணிந்துவிட்டான் என்று எண்ணிக்கொண்டு மாடியேறினேன். பாதிக்கு மேற்பட்ட பைகள் முடிந்து அடுக்கியிருந்தன. அவற்றில் மின்னியது பித்தளை.

“எங்கே என் ரிவிட்டு?”

“மாத்திட்டேன்யா. தொறமுகத்துப் பக்கம் படகுச் சாமான் விக்கிற சீனாக்காரரு ஒருத்தரு இருக்காரு. அங்கன பித்தளை கெடந்துச்சு.”

“எந்த மொழியில் பேசினாய்?”

“பேசல. பெட்டியக் காட்டினேன், அவரு பித்தளையக் காட்டினாரு. நாலு குரோசுக்கு ரெண்டு குரோஸ்தான் குடுத்தாரு. அதுவும் அவரு கடைப் படுதாவுல இருந்த கிழிசல தச்சுக் குடுத்த பெறகு.”

“பைக்கு எட்டு வேண்டும்.”

“நாலு வருது. மிச்ச நாலு எடத்துலயும் பெட்டித் தையல் போட்டு, குறுக்கயும் தச்சிருக்கேன். இழுத்துப் பாருங்க.”

நான் இழுத்துப் பார்க்கவில்லை. என் பொருளை என்னைக் கேளாமல் மாற்றியது, என் அளவைத் தானாகத் திருத்தியது, இரண்டையும் செய்துவிட்டு அமர்ந்தபடியே பதில் சொன்னது ஆகிய மூன்றுக்கும் நான் அவனைக் கடுமையாகக் கண்டித்தேன். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊரில் அவன் தகப்பனார் இப்படிப் பேசியிருக்க முடியாது என்றும் சொன்னேன். அவன் அடுத்த பையை எடுத்து அடிக்கட்டையில் வைத்தான். மலையாளத் தையற்காரர் ஊசியில் நூல் கோப்பதில் மிகுந்த கவனம் செலுத்தினார். மறுபடி இரும்பு வாங்கி அடிக்க நேரமில்லை. இல்லாவிட்டால் கட்டாயம் பிரித்திருப்பேன்.

பன்னிரண்டாம் நாள் ஆறு டஜன் பைகளை ஒப்படைத்தோம். தவுக்கே எண்ணிப் பார்த்துக்கொண்டு, நடுவிலிருந்து ஒன்றை உருவி, என் மாதிரிப் பையின் பக்கத்து ஆணியில் மாட்டினார்.

அதன்பின் இரண்டு மாதம் மழை. விருதுநகரில் மேகத்தைக் கண்டால் வெளியே வந்து பார்ப்போம். பினாங்கில் வெயிலைக் கண்டால் வெளியே வந்து பார்க்கிறார்கள். நான் அந்தத் தெருவழியே போவதைத் தவிர்த்தேன். ஆயினும் வாரம் ஒருமுறை ஏதேனும் காரணம் அமைந்து போக நேர்ந்தது. சாலையின் எதிர்ப்புறமாகவே நடந்தேன். அவ்வளவு தொலைவிலிருந்து பார்க்கும்போது இரண்டு பைகளும் ஒன்றுபோலவே தெரிந்தன. ஊரிலிருந்து வந்த கடிதங்களில் பெரியப்பா மகன் நான் எப்போது திரும்புவேன் என்று அன்போடு விசாரித்திருந்தார்.

கார்த்திகையில் ஒரு காலை தவுக்கே ஆள் அனுப்பினார். குருசாமியுடன் போனேன். அடுத்த பைகளுக்கான கித்தான் சுருளைத் தோளில் சுமந்தபடி வெயிலுகந்தானும் அந்த வழியாக வந்து அஞ்சடியில் நின்றான்.

தவுக்கே இரண்டு பைகளையும் இறக்கி மேஜையின் மேல் வைத்தார். ஊரில் தைத்த மாதிரிப் பையில் இரும்பு ரிவிட்டுகள் துருவேறி உப்பியிருந்தன. அவற்றைச் சுற்றித் துணி இற்றுப்போயிருந்தது. துருநீர் கீழ்நோக்கி வழிந்து லேபிலை நனைத்து, என் பெயரைச் செம்பழுப்பாக்கி, பி.ஏ. என்ற எழுத்துகளை முற்றிலும் மூழ்கடித்திருந்தது. மற்றப் பையில் பித்தளை இலேசாகப் பச்சை பூத்திருந்தது. தவுக்கே கட்டைவிரலால் துடைத்தார், போய்விட்டது. வாரைப் பிடித்து முழுப் பலத்தோடு இழுத்தார். வார் அசையவில்லை.

பிறகு அவர் கேட்டதைக் குருசாமி தயங்கித் தயங்கித் தமிழில் சொன்னான்: “இரண்டிலும் ஒரே பெயர் இருக்கிறது. இதில் எந்தப் பை இவர்?”

நான் தாமதிக்கவில்லை. “முதல் பை உங்கள் கடலைப் பார்க்கும் முன்பு செய்தது. கடற்காற்றில் இரும்பு நிற்காது என்பதை ஆராய்ந்து, இரண்டாவதில் பித்தளை வைத்தேன்” என்றேன்.

குருசாமி மொழிபெயர்த்தான். தவுக்கே தலையசைத்து, படித்த மனிதர் என்று தம் கணக்கரிடம் சொன்னார். மூன்று கடைகளின் ஆர்டரும் அன்றே உறுதியாயிற்று. ஆறு டஜனில் ஒன்றும் திரும்பவில்லை. கெட்டுப்போனது மாதிரிப் பை. அது விற்ற பை அன்று. ஆகவே விருந்தில் நான் சொன்ன சொல்லுக்குப் பங்கம் இல்லை.

திரும்பி நடக்கும்போது வெயிலுகந்தான் சுருளைத் தோள் மாற்றிக்கொண்டு கேட்டான்: “ஐயா, கடக்காத்துக்காகவா பித்தளை வச்சோம்?”

“வேறு என்ன சொல்வது? ஏழாயிரம்பண்ணையைப் பற்றிச் சொன்னால் அவருக்குப் புரியுமா?”

“புரியாதுதான்யா. எனக்கே காரணம் இப்பத்தான புரியுது.”

குருசாமி சிரிப்பை இருமலாக மாற்றினான். நான் நடையை எட்டிப் போட்டேன்.

ஏழு ஆண்டுகள் பினாங்கில் இருந்தேன். மெஷின்கள் பதினொன்றாயின. பைக்கு எட்டு ரிவிட்டு என்ற என் அளவை மீண்டும் கொண்டுவரவில்லை. நாலும் பெட்டித் தையலுமே நிலைத்தன. கண்பார்வை குறைந்தபின் நான் ஊர் திரும்பினேன். பட்டறையை இப்போது குருசாமியும் வெயிலுகந்தானும் நடத்துகிறார்கள்.

அண்மையில் நம் பக்கத்து வியாபாரிகள் வெளியிட்ட மலர் ஒன்றில் என்னைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறார்கள். கல்லூரியில் கற்ற விஞ்ஞானத்தைக் கொண்டு கடற்காற்றின் இயல்பை ஆராய்ந்து, முன்யோசனையுடன் பித்தளையைத் தேர்ந்தவன் நான் என்றும், உடன் சென்றவன் என் ஏவலுக்கு வேலை செய்தவன் என்றும் அதில் கண்டிருக்கிறது. தவுக்கே கடையில் நான் சொன்ன பதிலே சுற்றிச் சுற்றி இங்கே வந்து அச்சேறியிருக்க வேண்டும்.

அது தவறு. நான் கல்லூரியில் படித்தது வரலாறு. கடற்காற்றைப் பற்றி அன்று எனக்கு எதுவும் தெரியாது. நான் வாங்கி வந்தது இரும்பு. என் சொல்லை மீறிப் பித்தளையாக மாற்றியவன் வெயிலுகந்தான்; அதுவும் கடற்காற்றுக்காக அன்று.